250-இல் நிற்கும் முள்

சொகுசு செடான் கார்களின் உச்ச வேகம், விற்பனைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பெட்ரோல் டேங்கின் கொள்ளளவுக்கும் டிக்கியின் இடவசதிக்கும் நடுவே ஒற்றை வரியில் அச்சிடப்படும் எண்ணாகவே பெரும்பாலானவர்களுக்கு அறிமுகமாகியிருக்கிறது. ஆனால் ஜெர்மனியில் தயாரான பெரிய செடான்களின் கையேடுகளைக் கால வரிசைப்படி அடுக்கிப் பார்ப்பவருக்கு ஒரு விந்தை புலப்படும். 1968-இல் மணிக்கு 220 கி.மீ., 1975-இல் 225 கி.மீ. என்று ஏறிக்கொண்டே வந்த அந்த எண், 1987-இல் 250-ஐத் தொட்டதும் அங்கேயே நின்றுவிடுகிறது. அதன்பின் எஞ்சின்களின் ஆற்றல் இரண்டு மடங்கானது, டயர்களும் பிரேக்குகளும் பெருமளவு மேம்பட்டன, கணினிகள் காரின் ஒவ்வொரு சக்கரத்தையும் கண்காணிக்கத் தொடங்கின. எண் மட்டும் அசையவில்லை. அதை நிறுத்தி வைத்தது பொறியாளர்களின் இயலாமை அன்று. போட்டி நிறுவனங்கள் தமக்குள் வாய்மொழியாகச் செய்துகொண்ட ஓர் உடன்பாடு.

இந்த வரலாற்றின் தொடக்கம் 1968 மார்ச்சில் நடந்த ஜெனீவா மோட்டார் கண்காட்சி. அங்கே மெர்சிடிஸ்-பென்ஸ் காட்சிக்கு வைத்த 300 எஸ்.ஈ.எல். 6.3 என்ற கார், மருத்துவரோ வங்கி அதிகாரியோ ஓட்டிச் செல்லக்கூடிய அடக்கமான பெரிய செடானாகவே, அதாவது எஞ்சினுக்கும் பயணிகளுக்கும் பெட்டிகளுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கப்பட்ட நான்கு கதவு காராகவே, வெளித்தோற்றத்தில் இருந்தது. அதன் பானெட்டுக்கு அடியிலோ, நாட்டுத் தலைவர்கள் பயணம் செய்த 600 லிமூசினுக்கென்று உருவாக்கப்பட்ட 6.3 லிட்டர் வி8 எஞ்சினை, எட்டு சிலிண்டர்கள் இரு வரிசைகளாகச் சாய்ந்து நிற்கும் அந்தப் பேருருவை, எரிக் வாக்ஸன்பெர்கர் என்ற பொறியாளர் உள்ளே அடக்கியிருந்தார். 250 குதிரைத்திறன் கொண்ட அந்தக் கார் நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 6.5 வினாடிகளில் எட்டியது. அக்காலத்துப் பந்தயவகைக் கார்கள் பலவற்றுக்கு எட்டாத இந்த விரைவை, பின்னிருக்கையில் மூவர் வசதியாக அமர்ந்திருக்க, அதிர்வும் ஆரவாரமும் இல்லாமல் அது தந்தது. 1972 வரை 6,526 கார்கள் தயாராயின. 1975-இல் அதன் வாரிசாக வந்த 450 எஸ்.ஈ.எல். 6.9, எஃகு ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக எண்ணெயும் அழுத்தப்பட்ட வாயுவும் சேர்ந்து பளு தாங்கும் சஸ்பென்ஷனோடு வந்து, இந்தப் புது வகைக்கு நிலையான இடத்தைப் பெற்றுத் தந்தது.

இதே ஆண்டுகளில் ஜெர்மானியச் சமூகம் வேகத்தைப் பற்றித் தனக்குள் கடுமையாக வழக்காடிக்கொண்டிருந்தது. 1973 நவம்பரில், எண்ணெய் நெருக்கடியை முன்னிட்டு, ஆட்டோபான் எனப்படும் அந்நாட்டு விரைவு நெடுஞ்சாலைகளில் 100 கி.மீ. வரம்பு விதிக்கப்பட்டு, நான்கு மாதங்களுக்குள் விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குப் பதிலாக 130 கி.மீ. என்பது பரிந்துரையாக மட்டும் நிலைத்தது. 1980-களில் காடுகள் புகையால் பட்டுப்போவதாக எழுந்த அச்சமும், 1983-இல் பசுமைக் கட்சி நாடாளுமன்றத்துக்குள் நுழைந்ததும், வரம்பு வேண்டும் என்ற குரலுக்கு மீண்டும் வலுவூட்டின. வரம்பற்ற சாலை பறிபோனால் தமது கார்களின் தனிப்பெருமையே பறிபோகும் என்பதை உணர்ந்திருந்த நிறுவனங்கள், சட்டம் வருமுன் தாமே ஒரு வேலியைக் கட்டிக்கொள்வது அறிவுடைமை என்று முடிவெடுத்தன. போர்ஷே இதில் சேரவில்லை, பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ்-பென்ஸ், ஆடி ஆகிய மூன்றும் 250 என்ற எண்ணைத் தம் எல்லையாக ஏற்றுக்கொண்டன.

அந்த எல்லையைச் சுமந்து வந்த முதல் கார், 1987-இல் வெளியான பி.எம்.டபிள்யூ. 750 ஐ.எல். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த முதல் 12 சிலிண்டர் காரான அதில், 5 லிட்டர் எஞ்சின் 300 குதிரைத்திறனைத் தந்தது. அதன் ஆக்சிலரேட்டர் மிதிக்கும் எஞ்சினுக்கும் இடையே வழக்கமான கம்பி இணைப்பு இல்லை; மிதியின் அழுத்தம் மின்குறிப்பாக மாறிக் கணினிக்குச் செல்ல, அதன் ஆணைப்படி ஒரு சிறு மோட்டார் எஞ்சினுக்குள் காற்றை விடும் தகட்டைத் திறந்தது. கால் எவ்வளவு அழுத்தினாலும் திறப்பது கணினியின் கையில் இருந்ததால், 250-ஐ நெருங்கும்போது தகட்டை மெல்ல மூடி, ஓட்டுபவருக்கு உலுக்கல் எதுவும் தெரியாதபடி வேகத்தை நிலைநிறுத்த முடிந்தது.

250 எவ்வளவு பெரிய வேகம் என்பதைக் காற்றின் கணக்கைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். ஓடும் காரை எதிர்க்கும் காற்றின் விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்திலும், அந்த எதிர்ப்பை வெல்லத் தேவையான ஆற்றல் மும்மடிப் பெருக்கத்திலும் உயர்கின்றன. அதாவது வேகம் இரட்டித்தால் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகும். முகப்புப் பரப்பு 2.2 சதுர மீட்டரும், வடிவத்தின் வழுக்குதன்மையைக் குறிக்கும் தடைக்கெழு 0.30-உம் கொண்ட ஒரு பெரிய செடானை எடுத்துக்கொண்டால், 100 கி.மீ. வேகத்தில் காற்றைப் பிளக்க ஏறத்தாழ 12 குதிரைத்திறனே போதும்; 250-இல் 180 வேண்டும்; 300-இல் 310-ஐத் தாண்டும். டயர்களின் உருளல் தடையும் கியர்களின் இழப்பும் இவற்றுக்கு மேல் சேரும். கடைசி 50 கி.மீ.க்கு மட்டும் காற்று கேட்கும் கூடுதல் ஆற்றல், ஒரு சாதாரணக் குடும்பக் காரின் முழு எஞ்சினுக்குச் சமம். உச்ச வேகத்தை உயர்த்த எஞ்சினைப் பெருக்குவதைவிடக் காற்றுத்தடையைக் குறைப்பதே சிக்கனமான வழி என்பதை, 1982-இல் 0.30 தடைக்கெழுவோடு வந்த ஆடி 100 உலகுக்குக் காட்டியது.

இந்த எண்களைப் பேசும்போது ஓர் எச்சரிக்கை தேவை. காரின் வேகமானி காட்டும் எண் உண்மை வேகம் அன்று. ஐரோப்பிய விதிகளின்படி வேகமானி உண்மையைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. ஆனால் பத்தில் ஒரு பங்கும் அதற்கு மேல் 4 கி.மீ.யும் வரை கூட்டிக் காட்டலாம். ஆகவே உண்மையில் 250-இல் ஓடும் காரின் முள் 279 வரை காட்டினாலும் அது விதிமீறல் ஆகாது. முறையான சோதனையில் காற்றின் போக்கும் சாலையின் சரிவும் முடிவைத் திரிக்காமலிருக்க, ஒரே தடத்தில் இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரியே எடுக்கப்படுகிறது.

காற்றைவிடக் கடுமையான சோதனையைச் சந்திப்பது டயர். ஆள் ஒருவரின் உள்ளங்கை அகலமே சாலையைத் தொடும் அந்த ரப்பர் வளையம், 250 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 33 முறை சுழல்கிறது. அதன் வெளிப்பரப்பில் ஒட்டியிருக்கும் ஒரு கிராம் ரப்பர், மையத்தை விட்டு விலகப் பார்க்கும் விசையால், சுமார் ஒன்றரைக் கிலோ எடைகொண்டதைப் போல வெளியே இழுக்கிறது. சாலையைத் தொடும் இடத்தில் டயர் தட்டையாகி, அந்த இடத்தை விட்டு நீங்கியதும் மீண்டும் வட்டமாகிறது. இந்த மடிப்பும் நிமிர்வும் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நிகழ்வதால் ரப்பருக்குள் வெப்பம் பிறக்கிறது. ஒவ்வொரு டயருக்கும் ஒரு மாறுநிலை வேகம் உண்டு. அதைக் கடந்தால், ஒரு மடிப்பு நிமிர்ந்து முடியுமுன் அடுத்த மடிப்பு வந்துவிடுவதால், தரையை விட்டு விலகும் பகுதிக்குப் பின்னால் டயரின் மேற்பரப்பில் அலைகள் எழுந்து அசையாமல் நிற்கின்றன. சோதனைச் சாலைகளில் எடுக்கப்படும் அதிவேகப் படங்களில், குளத்து நீரில் கல்லெறிந்தாற்போல் ரப்பர் நெளிவதைக் காணலாம். அந்த நிலையில் வெப்பம் மிக விரைவாக ஏறி, சில நிமிடங்களுக்குள் டயரின் மேற்பட்டை உள்வலையை விட்டுப் பிய்ந்துபோகும். இதைத் தடுக்கத்தான் உள்ளே எஃகு இழைகளுக்கு மேல் சுற்றளவு நெடுகச் சுற்றப்படும் நைலான் பட்டைகள் வந்தன. எந்த டயர் எவ்வளவு தாங்கும் என்பதை அதன் பக்கச்சுவரில் ஓர் எழுத்தால் பொறிக்கும் வழக்கமும் வந்தது. எச் என்றால் 210, வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270, ஒய் என்றால் 300 கி.மீ. என்பது அதன் பொருள். உரிய காற்றழுத்தமும் அளவான பளுவும் இருந்தால் மட்டுமே அந்த எழுத்து செல்லும். காற்றுக் குறைந்த டயர் கூடுதலாக மடிந்து கூடுதலாகச் சூடேறும் என்பதால், அதிவேகத்துக்கு முன் டயரில் காற்று ஏற்றிக்கொள்ளுமாறு இந்தக் கார்களின் கையேடுகள் தனி அட்டவணையே தருகின்றன. எஞ்சினின் குதிரைத்திறனை மனப்பாடமாகச் சொல்லும் பலர் இந்த அட்டவணையைத் திறந்தும் பார்ப்பதில்லை என்பது வருந்தத்தக்கது, ஏனெனில் உயிர் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது பிரேக். பயணிகளோடு 2,000 கிலோ எடையுள்ள செடான் 250 கி.மீ. வேகத்தில் சுமந்து செல்லும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 48 லட்சம் ஜூல். ஒரு பெரிய குடம் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக இது போதும். குடத்துத் தண்ணீர் அடுப்பில் கொதிக்க அரை மணி நேரம் ஆகலாம்; பிரேக் தட்டுகளோ ஏழே வினாடிகளில் அந்த வெப்பம் முழுவதையும் விழுங்க வேண்டும். காய்ந்த நல்ல சாலையில், சிறந்த டயர்களோடு, பிரேக் பிடித்த கணத்திலிருந்து கார் நிற்பதற்கு ஏறத்தாழ 250 மீட்டர் தேவை. ஆபத்தைக் கண்டு கால் பிரேக்குக்கு மாறும் ஒரு வினாடிக்குள் கடந்துபோகும் 69 மீட்டரையும் சேர்த்தால் 320 மீட்டரை நெருங்குகிறது. 100 கி.மீ. வேகத்தில் இதே கணக்கு 70 மீட்டருக்குள் அடங்கிவிடும். தட்டுகளின் நடுவே காற்றோட்டத்துக்கான துளைவழிகளும், விலையுயர்ந்த வகைகளில் கார்பன் கலந்த பீங்கான் தட்டுகளும் இந்த வெப்பத்துக்காகவே வந்தன.

250 என்ற அந்தக் கட்டுப்பாட்டை ஏற்காத ஒரு செடானைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஐரோப்பியக் கிளைகளான ஓப்பலும் வாக்ஸ்ஹாலும் விற்ற சாதாரண ஒமேகா அல்லது கார்ல்டன் காரை எடுத்து, அப்போது அதே குழுமத்தின் உடைமையாக இருந்த லோட்டஸ் நிறுவனம், இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரத்தில் ஹெத்தல் என்ற ஊரிலுள்ள தன் பட்டறையில் மாற்றியமைத்தது. ஆறு சிலிண்டர் எஞ்சின் 3.6 லிட்டராக விரிக்கப்பட்டு, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ விசிறிகள் இரண்டு பொருத்தப்பட்டன. பிறந்தது 377 குதிரைத்திறன். 1990-இல் விற்பனைக்கு வந்த அந்த லோட்டஸ் கார்ல்டனின் உச்ச வேகம் மணிக்கு 280 கி.மீ.க்கு மேல். வேகவரம்பு 70 மைல், அதாவது 112 கி.மீ. மட்டுமே உள்ள நாட்டில், நான்கு கதவும் குழந்தைகளுக்கான பின்னிருக்கையும் கொண்ட கார் அதைப்போல் இரண்டரை மடங்கு வேகத்தில் ஓடும் என்ற செய்தி வெளிவந்ததும், பிரிட்டிஷ் நாளேடுகள் அதைத் தடைசெய்யக் கோரிப் பெரும் இயக்கமே நடத்தின. 250-இல் நிறுத்தும் கருவியைப் பொருத்துமாறு எழுந்த கோரிக்கையை நிறுவனம் ஏற்கவில்லை. 1993 இறுதியில் மேற்கு மிட்லண்ட்ஸ் பகுதியில் திருடப்பட்ட அத்தகைய கார் ஒன்றைக் கொண்டு கொள்ளையர்கள் இரவு நேரங்களில் கடைகளை உடைத்துப் புகையிலையும் மதுவும் அள்ளிச் சென்றபோது, காவல்துறையின் கார்கள் எதனாலும் அதை எட்டிப்பிடிக்க முடியவில்லை. அந்தக் கார் கடைசிவரை கிடைக்கவும் இல்லை. விலையும் அப்போதைய பொருளாதாரத் தளர்ச்சியும் சேர்ந்து, திட்டமிட்ட 1,100 கார்களில் 950 மட்டுமே தயாராயின.

கருமையோடிய பச்சை நிறத்தில் மட்டுமே விற்கப்பட்ட அந்தக் காரைப் பொறியியல் நோக்கில் குறைசொல்ல இடம் குறைவு. அதன் பிரேக்குகள் பந்தயத் தரத்தவை. பின்சக்கரங்களின் சஸ்பென்ஷன் முழுதாகத் திருத்தப்பட்டது. எனினும் அன்று குரலெழுப்பியவர்கள் வைத்த வாதத்தின் உட்கரு சரியானதுதான். செடான் என்பது அதை ஓட்டுபவர் பந்தயப் பயிற்சி பெற்றவர் என்ற எதிர்பார்ப்போடு விற்கப்படும் பொருள் அன்று. வார நாளில் பள்ளிக்கும் வேலைக்கும் போகும் காரை, உறக்கம் குறைந்த நாளில், மழையில், மனக்கவலையோடும் மனிதர் ஓட்டுவார். அவர் எவ்வளவு நல்லவராயினும் வினாடிக்கு 80 மீட்டர் கடக்கும் வேகத்தில் அவருடைய கண்ணுக்கும் மூளைக்கும் இயற்கை வகுத்த எல்லை மாறுவதில்லை.

அதே காலத்தில் வந்த மெர்சிடிஸ்-பென்ஸ் 500 ஈ இதற்கு மறுகோடியில் நிற்கிறது. நடுத்தர அளவுச் செடான் ஒன்றில் 5 லிட்டர் வி8 எஞ்சினைப் புகுத்தும் பணி, அப்போது போதிய வேலையின்றித் தவித்துக்கொண்டிருந்த போர்ஷேயிடம் ஒப்படைக்கப்பட்டது. சக்கரங்களுக்கு மேலுள்ள மட்கார்டுகள் அகலப்படுத்தப்பட்டதால் கார் சிண்டல்ஃபிங்கன் ஆலையின் தயாரிப்பு வரிசைக்குள் நுழையவில்லை. ஆகவே ஒவ்வொரு காரும் சிண்டல்ஃபிங்கனுக்கும் போர்ஷேயின் சுஃபன்ஹவுசனுக்கும் இடையே லாரியில் போய்வந்து முழுமை பெற 18 நாள்கள் ஆயின. 326 குதிரைத்திறன் இருந்தும் அதன் வேகம் 250-இல் நிறுத்தப்பட்டது. எடைச் சமநிலைக்காக பாட்டரி டிக்கிக்குப் போனது. பின்னே இருவர் மட்டும் அமரும்படி இருக்கை பிரிக்கப்பட்டது. 1995 வரை 10,479 கார்கள் விற்பனையாயின. வேகத்தின் உச்சியைத் தொடுவதைவிட, உச்சிக்குக் கீழே அசையாமல் ஓடுவதில் அந்தக் காரின் பெருமை இருந்தது.

அந்த அசையாமை எளிதில் வருவதில்லை. மேலே வளைந்தும் கீழே தட்டையாகவும் இருக்கும் செடானின் உடல், விமான இறக்கையைப் போலவே, வேகம் கூடக்கூட மேல்நோக்கித் தூக்கப்படும். 250-இல் பின்சக்கரங்களின் மேல் அறுபது எழுபது கிலோ எடை குறைந்தாலே, திடீரென்று தடம் மாறும்போது வால் பகுதி விலகத் தொடங்கும். 1998-இல் வந்த ஆடி டிடி என்ற சிறு கூபே அதிவேக விபத்துகளுக்கு உள்ளானபின், அதற்குப் பின்புறச் சிறகும், ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்து வழுக்கலைத் திருத்தும் மின்னணு அமைப்பும் சேர்க்க வேண்டியதாயிற்று. சொகுசு செடான்கள் சிறகு விரித்துத் தோற்றத்தைக் கெடுத்துக்கொள்ள விரும்புவதில்லை. அதனால் அடிப்பகுதியைத் தகடுகளால் மூடி வழுவழுப்பாக்குவதும், காற்றுப்பைகளால் தாங்கப்படும் சஸ்பென்ஷனைக் கொண்டு வேகம் ஏறும்போது காரையே தரையை நோக்கித் தாழ்த்துவதும் அவற்றின் வழி. 2005-இல் 560 குதிரைத்திறனோடு வந்த பென்ட்லி கான்டினென்டல் ஃப்ளையிங் ஸ்பர், 2.4 டன்னுக்கும் கூடுதலான எடையை மணிக்கு 312 கி.மீ. வரை இட்டுச்சென்றது இத்தகைய ஏற்பாடுகளின் துணையோடுதான்.

இவற்றைச் சோதிக்க இத்தாலியின் தென்கோடியில் நார்தோ என்ற ஊருக்கு அருகே, 1975-இல் ஃபியட் அமைத்த வட்டத் தடம் இருக்கிறது. 12.6 கி.மீ. சுற்றளவுள்ள அந்த வட்டம் வெளிப்புறம் உயர்ந்து கிண்ணம்போல் சாய்ந்திருப்பதால், அதன் வெளி வரிசையில் 240 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் ஸ்டீயரிங்கைத் திருப்பாமலே வட்டத்தைச் சுற்றிவரும். வளைவு என்பதையே ஓட்டுநர் உணராத அந்தத் தடத்தில் மணிக்கணக்காக ஓட்டிப் பார்க்கும்போதுதான், கண்ணாடி விளிம்பின் ரப்பர் சீலில் எழும் மெல்லிய ஊதலும், ஸ்டீயரிங்கில் வரும் கூச்சம் போன்ற நடுக்கமும், எஞ்சின் எண்ணெயின் வெப்பமும் வெளிப்படுகின்றன.

பொதுச்சாலையில் சிக்கல் வேறு. அங்கே வேகத்தைவிட வேகங்களுக்கு இடையிலான வேறுபாடே கொல்கிறது. இடப்புறத் தடம் முந்துவதற்கானது என்ற ஒழுங்கை ஜெர்மானியர்கள் கண்டிப்பாகப் பேணுகிறார்கள். ஆயினும் 120-இல் ஓடும் ஒரு சிறு கார் லாரியை முந்த விலகும்போது, கண்ணாடியில் 300 மீட்டர் பின்னே புள்ளியாகத் தெரிந்த கார் 250-இல் வந்தால், எட்டே வினாடிகளில் அதன் பின்புறத்தைத் தொட்டுவிடும். 2003 ஜூலையில் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு அருகே ஏ5 நெடுஞ்சாலையில், பின்னால் மிகுந்த வேகத்தில் நெருங்கிய காருக்கு வழிவிட முயன்ற இளம் தாய் ஒருவர் தடுமாற, அவரது கார் மரங்களில் மோதி அவரும் இரண்டு வயது மகளும் உயிரிழந்தனர். பின்னால் வந்தவர் அடுத்த ஆண்டு தண்டிக்கப்பட்டார். இரு கார்களும் ஒன்றையொன்று தொடவே இல்லை. 130-ஐத் தாண்டி ஓட்டுபவர், விபத்து நேர்ந்தால், தன்பேரில் தவறில்லாவிடினும் இழப்பீட்டில் ஒரு பங்கை ஏற்க நேரிடலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1992-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

மின்சார செடான்கள் இந்தக் கணக்கையே மாற்றி எழுதத் தொடங்கியுள்ளன. மும்மடிப் பெருக்கத்தில் ஏறும் ஆற்றல் தேவை பெட்ரோல் காரின் டேங்கைக் காலி செய்வதைவிடக் கொடுமையாக பாட்டரியைக் காலி செய்கிறது. மேலே கண்ட செடானை மின்சாரத்தில் 250-இல் தொடர்ந்து ஓட்டினால், 100 கிலோவாட்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி அரை மணி நேரத்தைச் சற்றே தாண்டுவதற்குள் தீர்ந்துபோகும். ஆகவே, தடைக்கெழு 0.20 என்ற வியத்தகு அளவுக்கு இறங்கிய மெர்சிடிஸ் ஈக்யூஎஸ்கூட 210-இல் நிறுத்தப்பட்டிருக்கிறது. ஸ்வீடனின் வோல்வோ இன்னும் ஒருபடி மேலே போய், 2020 முதல் தன் புதிய கார்கள் அனைத்தையும் 180-இல் நிறுத்திவிட்டது. அந்நிறுவனம் கூறிய காரணம் பாட்டரி அன்று, உயிர்.

எதிர்த்திசையில் நடப்பதும் உண்டு. பி.எம்.டபிள்யூ. எம்5 வாங்குபவர் கூடுதல் தொகை செலுத்தினால் 250 வரம்பு 305 ஆக உயர்த்தித் தரப்படுகிறது. எஞ்சினில் ஒரு திருகாணியும் மாறுவதில்லை. கணினியில் எழுதப்பட்ட எண் மட்டுமே மாறுகிறது. 1987-இல் பொதுநலத்தின் பெயரால் கட்டப்பட்ட வேலி இப்படி விலைப்பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது கவலைக்குரியது. ஆனாலும் அந்தப் பட்டியலின் மற்ற வசதிகளை, தோல் இருக்கையையும் நல்ல ஸ்பீக்கரையும், பணம் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம். 305-ஐ வாங்குபவருக்கு மட்டும், மூடிய தடத்தில் ஒரு நாள் ஓட்டுநர் பயிற்சிக்கு வருமாறு அழைப்புச் சீட்டும் சேர்த்தே தரப்படுகிறது.